பெண்கள் ஆட்டத்துக்கும் முப்பது ரூபாய்

எங்கள் அணியில் 'சும்மா' என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. தடை போட்டவள் எங்கள் கேப்டன். சும்மா ஒரு ரவுண்டு ஓடிட்டு வரலாம், சும்மா ஒரு மேட்ச் ஆடிப் பாக்கலாம் என்று யாராவது வாய்தவறிச் சொன்னால், ஹாக்கி ஸ்டிக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள்.

"சும்மான்னா என்னடி அர்த்தம்? வேலையில்லாமயா, காசில்லாமயா?"

இரண்டு அர்த்தமும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டு கிடப்பதை அவள் கேட்ட பிறகுதான் நான் யோசித்தேன்.

அவள் பெயரை எழுதவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். அரியமங்கலத்துப் பெண். அப்பா அங்கே ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். ஆள் குள்ளம். முடியை இரண்டு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பாள். அவள் சென்டர் ஹாஃப், நான் லெஃப்ட் பேக். அதாவது அவளைத் தாண்டி வரும் பந்தை நான் தடுக்க வேண்டும். மூன்று வருஷத்தில் எனக்கு அதிகம் வேலை இருந்ததில்லை.

ஆட்டம் தொடங்கும் முன் நடுக்கோட்டில் நின்று கேலரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்ப்பாள். உதடு அசையும். எங்கள் அணியில் பாதிப் பேர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டுதான் மைதானத்தில் கால் வைப்பார்கள், அதுபோல இவளும் ஏதோ ஜெபம் சொல்கிறாள் என்று முதல் வருஷம் முழுக்க நினைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்தில் நின்றபோது காதில் விழுந்தது.

"பதினொண்ணு. அதுல ரெண்டு பேரு தூங்குறாங்க."

ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி முடிந்து பல நாள் காட்டூரில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மா தோசை வார்த்துப் போடுவாள். சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டோடு என் தட்டையும், அடுப்படியில் கிடக்கும் மற்ற பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். "ஏம்மா, நீ விருந்தாளி, வச்சிட்டு வா" என்று அம்மா கூப்பிட்டால், "சும்மா சாப்பிட்டுட்டுப் போனா அடுத்த வாரம் வரதுக்குக் கூச்சமா இருக்கும் ஆன்ட்டி" என்பாள். அம்மாவுக்கு அவளை என்னைவிடப் பிடிக்கும். இது மிகை இல்லை. அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

எங்கள் கல்லூரியில் பொங்கல் கழிந்த சில வாரங்களில் கல்லூரிகளுக்கு இடையிலான ஹாக்கிப் போட்டி நடக்கும். ஆண்கள் ஆட்டம் மாலை நாலு மணிக்கு. அதற்கு டிக்கெட் முப்பது ரூபாய். பெண்கள் ஆட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு. அதற்கு டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். யாரும் வரமாட்டார்கள். பங்குனி இன்னும் பிறக்காவிட்டாலும் திருச்சியில் இரண்டு மணி வெயில் இரண்டு மணி வெயில்தான். சிமெண்ட் படியில் உட்கார்ந்தால் சுடும். காவலாளி இருப்பார். அடுத்த ஆட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட வந்தவர்கள் நிழலில் படுத்திருப்பார்கள். எங்கள் ஹாஸ்டல் பெண்கள் மட்டும் வார்டன் விட்டால் கும்பலாக வந்து கத்திவிட்டுப் போவார்கள்.

இரண்டாம் வருஷம் ஒரு சம்பவம் நடந்தது. எங்கள் ஆட்டம் முடிந்து கேலரியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். சட்டையில் பேட்ஜ் குத்திய மாணவன் ஒருவன் வந்தான்.

"அக்கா, கேலரியைக் காலி பண்ணணும். வெளிய டிக்கெட் குடுக்க ஆரம்பிச்சாச்சு. பாக்கறதுன்னா டிக்கெட் வாங்கிட்டு வாங்க."

எல்லாரும் எழுந்துவிட்டோம். அவள் மட்டும் எழவில்லை.

"நாங்க இப்பத்தான் இந்த கிரவுண்டுல ஆடிட்டு வந்திருக்கோம் தம்பி."

"தெரியும்க்கா. அது சும்மா மேட்ச்தானேக்கா."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டிக்கெட் இல்லாத மேட்ச் என்பதைத்தான் அப்படிச் சொன்னான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, காலில் கட்டிய ஷின் கார்டைக்கூடக் கழற்றாமல் வெளியே போய், வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தாள். ஆண்கள் ஆட்டம் முழுவதையும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பார்த்தாள். கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டினாள்.

அவளிடம் இருந்தது பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு. நான் கொடுக்கிறேன் என்றேன், கேட்கவில்லை. அன்று காந்தி மார்க்கெட் வரை நடந்தோம். எனக்குக் கால் வலிக்கிறது என்று நான் பொய் சொன்ன பிறகுதான் என் காசில் பஸ் ஏறச் சம்மதித்தாள்.

மூன்றாம் வருஷம் கேப்டன் ஆனதும் முதல் வேலையாகப் போட்டிக் குழுச் செயலாளரைப் பார்க்கப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் காமர்ஸ் பேராசிரியர். நல்ல மனுஷர். மாணவர்களிடம் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது.

"சார், எங்க மேட்சுக்கும் டிக்கெட் போடணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏம்மா, சும்மா விட்டே பத்துப் பேரு வரல. டிக்கெட் போட்டா யாரு வருவா?"

"சும்மா விடறதாலதான் சார் வரல. கேட்டைத் திறந்து போட்டு வச்சா உள்ள ஒண்ணும் இல்லைன்னுதான நெனைப்பாங்க."

"சரி, உனக்காக அஞ்சு ரூபா போடலாம்."

"ஆம்பளைங்களுக்கு எவ்வளவு சார்?"

"முப்பது. உனக்குத் தெரியாதா?"

"எங்களுக்கும் முப்பது போடுங்க சார். அதே கிரவுண்டு. அதே எழுபது நிமிஷம். அதே வெயில்கூட இல்ல, எங்களுக்குக் கூடுதல் வெயில்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டுவிடலாமே என்று நல்ல வழி ஒன்று சொன்னார். நான் சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்ப எல்லாரும் நாலு மணிக்குத்தான் சார் வருவாங்க. எங்க மேட்ச் அதோட ஓசியில ஒட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும். தனியா வேணும் சார்."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஃபைனலுக்கு மட்டும் போட்டுத் தரேன். மொதல்ல ஃபைனலுக்கு வாங்க" என்றார். கிளம்பும்போது, "உனக்குக் கஷ்டமாப் போகும்மா" என்று மட்டும் சொன்னார். "பரவாயில்ல சார்" என்றாள்.

ஆண்கள் டிக்கெட் ரோஸ் நிறம். எங்களுக்கு மஞ்சளில் அச்சடித்துக் கொடுத்தார். ஃபைனலுக்கு வருவோமா என்று யாருக்கும் தெரியாதபோதே அவள் அதை விற்கக் கிளம்பிவிட்டாள். நானும் போனேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடைத் தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறினோம். ஒரு பெரிய கடை முதலாளி எங்களை உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்தார். மூன்று நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். அவள் பத்து டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள்.

"அதெல்லாம் வேணாம்மா, நீங்களே வச்சிக்குங்க. ஏதோ நல்ல காரியத்துக்குக் கேக்கறீங்க, குடுக்கறேன்."

"இது நல்ல காரியம் இல்லைங்க. மேட்ச்."

அவருக்குப் புரியவில்லை.

"வந்து பாக்கறதா இருந்தா வாங்கிக்குங்க. இல்லேன்னா வேணாங்க."

"கடைய விட்டுட்டு நான் எப்படிம்மா வர முடியும்?"

"அப்ப பரவாயில்லைங்க. மோருக்கு ரொம்ப நன்றி."

நோட்டை மேசைமேல் திருப்பி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "லூசாடி நீ? பத்து டிக்கெட்" என்று கூட்டத்துக்கு நடுவில் கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை.

"அவரு பாவம் பாத்துக் குடுக்கறாருடி. நம்மளப் பாத்தா பாவமாவா இருக்கு?"

அப்படிச் சொன்னபோது அவள் முகம் வேர்த்து, உதடு வெடித்து, உண்மையிலேயே பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் ஒரு வீட்டு மணியை அடித்தோம். நாமம் தரித்த பெரியவர் ஒருவர் கதவைத் திறந்தார். ஹாக்கி என்றதும், "உள்ளே வாங்கோ. முதல்ல தீர்த்தம் சாப்பிடுங்கோ" என்றார். டிக்கெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார்.

"பெண்களா ஆடறேள்?"

"ஆமாங்க. நாங்கதான்."

"ரெண்டு மணின்னு போட்டிருக்கே. அந்த வெயில்ல யார் வருவா?"

"டிக்கெட் வாங்கினா நீங்க வருவீங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். உள்ளே போய் முப்பது ரூபாயை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். "வாஸ்தவம். காசைக் குடுத்துட்டு எப்படி வராம இருக்கறது?" என்றார். அன்று முழுக்க அவள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் வழக்கை ஒரு நீதிபதி ஏற்றுக்கொண்டுவிட்டது போல அவளுக்கு.

வீரர்களின் குடும்பத்துக்கு என்று ஆளுக்கு இரண்டு இலவச பாஸ் உண்டு. அவள் தன்னுடையதை ஆபீசிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்கு வேண்டாமா என்று கேட்டேன். அவர் அதுவரை அவள் ஆடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"வரணும்னு தோணினா டிக்கெட் வாங்கிட்டு வரட்டும். நான் கூப்பிட மாட்டேன்."

"கூப்பிட்டாத்தான வருவாரு?"

"கூப்பிட்டா எனக்காக வருவாருடி. ஆட்டத்துக்காக வரணும்."

அவள் எல்லாவற்றிலும் அப்படித்தான். தனக்காக யாரும் எதுவும் செய்யக் கூடாது, ஆட்டத்துக்காகச் செய்ய வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது இருபது வயதில் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அரையிறுதியில் எனக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஆனால் ஜெயித்தோம். ஃபைனல் அன்று நான் காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே ஒரு மேசை போட்டு மஞ்சள் டிக்கெட்டுகளோடு உட்கார்ந்தேன். ஆட்டத்துக்கு முன் அவள் என்னிடம் வந்தாள்.

"யாரையும் சும்மா விடாத."

"ஹாஸ்டல் புள்ளைங்க வந்தா?"

"யாரா இருந்தாலும்."

ஐம்பது அறுபது டிக்கெட் விற்றிருந்தோம். வந்தவர்கள் இருபதைத் தொடவில்லை. கடைத்தெருவில் வாங்கியவர்கள், எங்களைக் கடையைவிட்டு அனுப்பிவைப்பதற்காக வாங்கியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்துப் பெரியவர் மட்டும் ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டார். கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு கேலரியின் நட்டநடுவில் தனியாக உட்கார்ந்தார். டிக்கெட் கேட்டு ஆள் வராதபோது நான் நொண்டிக்கொண்டு உள்ளே போய் எட்டிப் பார்த்தேன். கோல் அடிக்காத முதல் பாதி முழுக்கக் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஹாஸ்டல் பெண்கள் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். வார்டன் தாமதமாகத்தான் விட்டிருக்கிறார். ஒருத்தி கையில் சார்ட் பேப்பர். அதில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எங்கள் கேப்டன் பெயரை எழுதி, சுற்றிலும் பூ வரைந்திருந்தார்கள்.

"டிக்கெட் வேணும்டி" என்றேன்.

"என்னக்கா விளையாடறீங்களா? முந்தாநாள்கூட சும்மாதான விட்டாங்க."

"இன்னிக்கு டிக்கெட். முப்பது ரூபா."

"முப்பது ரூபாய்க்கு நாங்க எங்கக்கா போவோம்? கத்தறதுக்குத்தான வந்தோம்."

"கேப்டன் சொல்லியிருக்கா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

சார்ட் பேப்பரை வைத்திருந்தவள் என்னையும் மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட் கம்பி வழியாகக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பக்கத்துக் கோல் போஸ்ட் மட்டும்தான் அங்கிருந்து தெரியும். வெயிலில் நிற்க முடியாமல் இரண்டு பேர், மூன்று பேராகத் திரும்பிப் போனார்கள். நான் சரியாக நடந்துகொண்டேன் என்றே நினைத்தேன். கேப்டன் பேச்சைக் காப்பாற்றிய பெருமைகூட இருந்தது.

அவர்கள் போய் ஐந்து நிமிஷம் இருக்காது, ஒரு மொபெட் வந்து நின்றது. அவள் அப்பா. பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார். சட்டையில் எண்ணெய்க் கறை. நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பதால் என்னைத் தெரியும்.

"முப்பது ரூபாயாம்மா?"

"நீங்க உள்ள போங்கப்பா, பரவாயில்ல."

"வேணாம்மா. தெரிஞ்சா கோவிச்சுக்குவா."

பணத்தைக் கொடுத்து டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கேட்டுக்கு உள்ளே நாலடி போய் நின்றார். படி ஏறி உட்காரவில்லை. அங்கிருந்து மைதானமும் தெரியும், கேலரி முழுவதும் தெரியும். பத்து நிமிஷம் நின்றிருப்பார். திரும்பி என்னிடம் வந்தார்.

"இவ்வளவு பேருதானாம்மா?"

"வெயில்ப்பா. அதான்."

"காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடுறா. மூணு வருஷமா ஓடுறா. நான் ஏதோ பெரிய கூட்டம் பாக்கும்னு நெனச்சேன்." கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இதுக்கா."

அது கேள்வி இல்லை.

"நான் வந்தேன்னு அவகிட்ட சொல்லிடாதம்மா. யாருமே இல்லாம ஆடுனத அப்பன் வந்து பாத்துட்டான்னு தெரிஞ்சா அவளுக்குத் தாங்காது."

மொபெட்டைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டுபோய்த்தான் ஸ்டார்ட் செய்தார். சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். கடைசி ஐந்து நிமிஷத்தில், அவள் கொடுத்த பாஸில் விழுந்த கோல். விசில் ஊதியதும் கப்பைக்கூட வாங்கப் போகாமல் நேராக என் மேசைக்கு ஓடிவந்தாள்.

"எத்தனை?"

"பதினெட்டு."

"எல்லாரும் டிக்கெட்டா?"

"எல்லாரும் டிக்கெட்தான்."

"பதினெட்டுப் பேருடி. காசு குடுத்து, இந்த வெயில்ல." மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. அந்தப் பதினெட்டில் ஒருவர் யார் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஓர் அரசுத் துறையின் பெண்கள் அணித் தேர்வுக்கு அவளுக்குக் கடிதம் வந்தது. தேர்வானால் வேலையும் உண்டு. எங்கள் அணியில் அவள் ஒருத்திக்குத்தான் வந்தது. போவாள் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று காரிடாரில் நின்று சொன்னாள்.

"போகலடி. அப்பா வேணாம்னுட்டாரு."

"ஏனாம்?"

"காரணம் கேட்டேன். போதும்மா, வேணாம்னு மட்டும் சொல்றாரு. ஒரு மேட்ச் வந்து பாத்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பாராடி?"

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அப்பாவிடம் போய்ச் சண்டை போட்டிருப்பாள். ஒருவேளை ஜெயித்துமிருப்பாள். ஆனால் சொன்னால் நாற்பது பெண்களைத் திருப்பி அனுப்பியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் உள்ளே உட்கார்ந்து அந்த சார்ட் பேப்பரைப் பிடித்துக்கொண்டு கத்தியிருந்தால் அவர் பார்த்திருக்கக்கூடிய ஆட்டமே வேறு. அவள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "விடுடி" என்றேன். அவள் விட்டுவிட்டாள். எதையும் விடாதவள், அதை விட்டுவிட்டாள்.

எனக்கு வங்கியில் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போனேன். அவளுக்குக் கல்யாணம் ஆனது. நம்பர் மாறியது. பன்னிரண்டு வருஷம் கழித்துத் திருச்சிக்கு மாற்றலாகி வந்த பிறகு, போன மாதம்தான் அவளைப் பார்த்தேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் துவாக்குடி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அடையாளம் தெரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ரப்பர் பேண்டு இப்போது ஒன்றுதான். ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலையில் இருப்பதாகச் சொன்னாள். வீட்டுக்காரர் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். மகள் நாலாவது படிக்கிறாள். "ஹாக்கி ஆடறாளா?" என்று கேட்டேன். "செஸ் ஆடறா. யாரும் பாக்காட்டியும் ஒண்ணும் ஆகாது" என்றாள். அப்பா மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார் என்றாள். எனக்குத் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

கண்டக்டர் பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் இயல்பாக வாங்கிக்கொண்டாள். நான் பார்த்ததைக் கவனித்துவிட்டாள்.

"என்ன பாக்கற? இது சும்மா இல்லடி. வேலைக்குப் போற பொம்பளைக்கு இது சம்பளத்துல சேந்தது."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்துவிட்டது. போட்டியைப் பற்றிப் பேசினோம். இப்போதெல்லாம் ஆண்கள் ஆட்டத்துக்கும் டிக்கெட் இல்லை, கேட்டைத் திறந்து விட்டுவிடுகிறார்கள், அப்படியும் கேலரி காலிதான் என்று நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

"பரவாயில்லையே. சமமாயிடுச்சு" என்றாள்.

"ஃபைனல் அன்னிக்கு ஹாஸ்டல் புள்ளைங்க வந்தாங்கடி" என்றேன். "நாப்பது பேரு. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். உன்கிட்ட சொல்லவே இல்ல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பாத்தேன். எங்களுக்குப் பெனால்டி கார்னர் கிடைச்சுது. நிக்கறப்ப கேட் பக்கம் பாத்தேன். எல்லாரும் நின்னுட்டு இருந்தாங்க. நான் கையக் காட்டியிருந்தா நீ விட்டிருப்ப. காட்டல." ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "அவ்வளவு கர்வம் எனக்கு. நீ ஏன்டி அத மனசுல வச்சிட்டிருக்க?"

பன்னிரண்டு வருஷ பாரம் இறங்கியது போல இருந்தது. அந்த நிம்மதியில் என் வாய் நிற்கவில்லை.

"இல்லடி, அவங்க உள்ள இருந்திருந்தா, உங்க அப்பா வந்தப்போ கேலரி அப்படிக் காலியாக் கிடந்திருக்காதேன்னுதான்."

"யாரு வந்தப்போ?"

அப்போதுதான் புரிந்தது. அவர் கடைசி வரை சொல்லவே இல்லை.

"எங்க அப்பா ஒரு மேட்ச்கூடப் பாத்ததில்ல" என்றாள். யாரோ தெரியாதவருக்கு விளக்குவது போலச் சொன்னாள்.

"பாத்தாருடி. டிக்கெட் வாங்கிட்டு வந்தாரு. பதினெட்டுல ஒருத்தரு அவருதான். சொல்லாதன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டாரு."

அவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். 'இதுக்கா' என்றதையும் சொன்னேன். மறைக்க முடியவில்லை. பஸ் பால்பண்ணையைத் தாண்டியது. கண்ணைத் துடைத்துக்கொள்வாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேள்விதான் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் நின்னாரு?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"கோல் விழுந்தப்போ இருந்தாரா?"

"இல்ல. அதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

"அந்தப் பத்து நிமிஷத்துல பந்து என்கிட்ட வந்துச்சா?"

"தெரியலடி. நான் உங்க அப்பாவைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"அப்ப அவரு முகம் எப்படி இருந்துச்சு? அதச் சொல்லு."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சிரித்தார், தலையாட்டினார் என்று ஏதாவது. அவளிடம் என்னால் முடியவில்லை.

"வெயிலுக்கு நெத்தியில கைய வச்சு மறைச்சிட்டிருந்தாரு. முகம் தெரியல."

"எந்தக் கை?"

"வலது கை."

அவரை அந்த கேட் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்ப்பது போல அவள் தலையசைத்தாள். அவள் இறங்க வேண்டிய அரியமங்கலம் ஸ்டாப் எப்போதோ போயிருந்தது. நான் இறங்க வேண்டிய காட்டூரும் வந்து போனது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.